எட்டாவது போல்ட்

ஜூரோங் தீவின் வாசலில்
கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும்.
கைக்கடிகாரத்திலும் பேட்டரி உண்டென்று
காவலர் ரோஸ்லான் அதையும் கேட்கிறார்.
மணிக்கட்டில் வெளுத்த வளையத்தோடு
கம்ப்ரசர் கொட்டகை நான்குக்கு நடக்கிறேன்.
அடுத்த மாதம் அங்கே ஹைட்ரஜன் வருகிறது.
அதற்குமுன் இருபத்தாறு விளக்குகளை மாற்றியாக வேண்டும்.

மேசையில் மூன்று விலைப்பட்டியல்.
மூன்றிலும் ஒரே வார்த்தை, தடித்த எழுத்தில்:
வெடிப்புக் காப்பு.
மிகக் குறைத்துச் சொன்ன டெஸ்மண்ட்
கோப்பி-ஓ வாங்கித் தந்து
"எல்லாம் ஒரே விளக்குதான் லா" என்றான்.
ஒன்றுக்கு நாற்பத்தொரு வெள்ளி மிச்சம்.
இருபத்தாறால் பெருக்கினேன்.
பெருக்காமல் இருக்க முடியவில்லை.
ஆயிரத்து அறுபத்தாறு.

பெயர் ஏமாற்றும்.
இந்த விளக்கும் வெடிக்கும்.
எத்தனை தடித்த கூடானாலும் வாயு புகுந்துவிடும்,
மழைக்கு முந்திய புழுக்கம்
அறைக்குள் புகுவதுபோல.
பொறி பட்டால் உள்ளேயே வெடிக்கும்.
அப்புறம் அந்தத் தீ
மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே
மயிரிழை வழியில் நெளிந்து
இரும்பிடம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே
வெளியே வந்து சேரும்போது
வெறும் வெதுவெதுப்பு.
இதை முதலில் படித்த இரவு
எனக்குத் தெரிந்த சிலர் நினைவுக்கு வந்தார்கள்.
பெயர் சொல்ல மாட்டேன்.

வழியின் அகலம் வாயுவுக்கு வாயு மாறும்.
எத்திலீன் தணிந்துவிடும் இடைவெளியில்
ஹைட்ரஜன் தீ சிரித்துக்கொண்டே தாண்டும்,
பகலில் கண்ணுக்கும் தெரியாமல்.
டெஸ்மண்டின் சான்றிதழில் டூ-பி.
எனக்கு வேண்டியது டூ-சி.
ஒரு எழுத்து.
பள்ளியில் ல-ள-ழ பிழைக்கு
அரை மதிப்பெண்தான் குறைத்தார்கள்.

இரண்டாவது பட்டியலில் டூ-சி இருந்தது,
சான்றிதழ் எண்ணின் வாலில் ஒரு எக்ஸும் இருந்தது.
எக்ஸ் என்றால் நிபந்தனை உண்டு.
பதினோராம் பக்கத்தில், பொடி எழுத்தில்:
உலர்ந்த துணியால் துடைக்காதீர்.
துணியில் பிறக்கும் மின்சாரம் போதுமாம்.
துடைப்பவர்கள் பதினோராம் பக்கம் படிப்பதில்லை.
மூன்றாவதில் கையெழுத்திட்டேன்.
விலையைச் சொன்னால் கணக்குப் பிரிவில்
மிஸ் சியூ இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை, மின்சாரம் துண்டித்து
பழையவற்றை இறக்கும்போது
சாரத்தின் மேலிருந்து ஷஹிதுல் கூப்பிட்டார்:
"மேடம், இதுல ஏழுதான்."
ஏறிப் பார்த்தேன்.
மூடியில் எட்டுத் துளைகள்.
ஏழு போல்ட்.
எட்டாவதில் வெள்ளை சிலிக்கோன்,
யாரோ கட்டைவிரலால் வழித்துவிட்ட ரேகையோடு.
விளிம்பு நெடுக, தீ நடக்க வேண்டிய வழியில்
சாம்பல் பெயின்ட்.
உள்ளே ஒரு பல்லி
தாளைப்போல் காய்ந்து.

விளக்கு எண் பதினேழு.
போன ஆண்டு ஆய்வுத் தாளைத் தேடி எடுத்தேன்.
பதினேழுக்கு நேரே 'சரி' என்று ஒரு டிக்.
வால் நீண்டு மேலே வளையும் டிக்.
அப்படிப் போடுவது நான்தான்.
அன்று மழை என்று எழுதியிருக்கிறது.
கீழே நின்றே பார்த்திருப்பேன்.
எரிந்துகொண்டிருந்தது; எரிந்தால் போதுமென்று.

ஒரு வருடம்.
அதன் அடியில் மூன்று ஷிஃப்ட்,
ஷிஃப்டுக்கு ஒன்பது பேர்,
நடுராத்திரியில் நாசி லெமாக் பொட்டலங்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
என் வேலை என்று நினைத்துச் சம்பளம் வாங்கினேன்.

புதியவை ஏறின.
ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ஸ்பேனர்
டிக்கென்று சொல்லும்வரை முறுக்கினார் ஷஹிதுல்.
கீழே நின்று எண்ணவில்லை, பக்கத்தில் நின்று எண்ணினேன்.
எட்டு. எட்டு. எட்டு.
இருபத்தாறு முறை.
கடைசியில் உதடு வறண்டது.

குறைபாட்டு அறிக்கையில்
ஆய்வு செய்தவர் பெயருக்கு ஒரு கட்டம்.
இன்பவல்லி என்று எழுதினேன்.
எழுத்து சின்னதாக வந்தது.
அடித்துவிட்டு
இன்னொரு தாள் எடுத்தேன்.